கூடு உண்டு, குருவி எங்கே?

சென்ற சனிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் நம் சகோதரியின் மகன், மடிக்கணனியை மார்போடு அணைத்தபடி படலையைத் திறந்துகொண்டு வந்தான். பரீட்சையில் தேறியவனுடைய களிப்பு அவன் முகத்தில் இருந்தது.

“மாமா, நான் ஒரு நூலகம் கட்டி முடித்துவிட்டேன்” என்றான்.

அவனுடைய அம்மம்மா, அதாவது நமது அன்னையார், திண்ணையில் அமர்ந்து பத்திரிகையின் குறுக்கெழுத்துக் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்து, “நல்லது மோனை, எந்தச் சந்தியிலே கட்டினாய்?” என்று வினவினார்.

அம்மம்மாவின் கேள்வி வாசகர் சிலருக்கும் எழக்கூடியதே. ஆதலின் முதலில் அதற்கு விடை கூறிவிடுவோம். கணனிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். பல நிரல்களுக்கும் பொதுவாக வேண்டப்படும் ஒரு வேலையை ஒருவர் ஒருமுறை செவ்வையாக எழுதி வைப்பாராயின், ஏனையோர் அதனை எடுத்துத் தத்தம் நிரல்களிற் சேர்த்துப் பயன்கொள்ளலாம். இவ்வாறு எடுத்தாளும்பொருட்டு எழுதி வைக்கப்படுவதே நிரல் நூலகம். ஒவ்வொரு வீட்டாரும் மலைக்குச் சென்று கல்லுடைத்து அம்மி செய்துகொள்வதில்லை. அம்மி கொத்துபவர் ஒருவர் இருக்கிறார். அதில் அரைக்கும் சம்பல் அவரவருடையது. நூலகம் எழுதுபவர் அந்த அம்மி கொத்துபவரைப் போன்றவர்.

மருமகன் எழுத முனைந்த நூலகமும் அம்மம்மாவின் பொழுதுபோக்கோடு தொடர்புடையதே. பாடசாலைத் தமிழ்த் தினச் சஞ்சிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர்களைக் கணனியால் அமைக்க வேண்டுமாம். அதற்கு ஒரு சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன என எண்ணிச் சொல்லும் கருவி வேண்டும். ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் என்பது புதிரின் விதியன்றோ? அக்கருவிக்கு ‘எழுத்தெண்ணி’ என்று பெயரும் சூட்டியிருந்தான். அன்றிரவே அதனை உலகோர் எடுத்தாளும் பொதுப் பதிவகத்தில் வெளியிட்டுவிடப் போவதாகவும் கூறினான்.

“எப்போது தொடங்கினாய்?” என்று கேட்டோம்.

“மத்தியானச் சாப்பாட்டிற்குப் பிறகு, மாமா. ஒரு வரிக் கட்டளை இட்டேன். கூடு முழுவதும் வந்துவிட்டது. என் பங்குக்கு நாலைந்து வரிகள்தாம் எழுத வேண்டியிருந்தது.”

இங்கே அவன் கூறிய ‘கூடு’ யாதென்பதையும் விளக்கியாக வேண்டும். அவன் எழுதியது ரஸ்ட் என்னும் கணனி மொழியில். 2006 ஆம் ஆண்டில் ஒருவரின் சொந்த முயற்சியாகத் தொடங்கி, 2009 முதல் மொசில்லா நிறுவனத்தின் ஆதரவைப் பெற்று, 2015 மே மாதத்தில் முதலாவது நிலையான பதிப்பைக் கண்ட மொழி அது. அதற்குத் துணையாகக் கார்கோ என்றொரு கருவி உண்டு. ‘கார்கோ நியூ’ என்று எழுதி, ‘லிப்’ என்னும் குறியையும் நூலகத்தின் பெயரையும் சேர்த்து ஒரு வரியாக இட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு புதிய கோப்புறை தோன்றிவிடும். முன்னர் ‘கார்கோ நியூ’ என்று மாத்திரம் இட்டாலே நூலகத்தின் கூடு கிடைத்தது. 2018 முதல், குறியிடாவிடின் தனித்து ஓடும் நிரலுக்குரிய கூடே கிடைக்கும்.

அக்கோப்புறையைத் திறந்து பார்ப்போம். ‘கார்கோ.டொமல்’ என்னும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். அதிலே நூலகத்தின் பெயர், 0.1.0 என்னும் பதிப்பிலக்கம், ரஸ்ட் மொழியின் எந்தப் பதிப்பாண்டின் விதிகளுக்கு அமைய எழுதப்படுகின்றது என்னும் குறிப்பு ஆகியவை காணப்படும். பிற நூலகங்களின் துணை வேண்டுமாயின் அவற்றின் பெயரை எழுதுதற்கு ஒரு தலைப்பு மாத்திரம் இட்டு, கீழே வெறுமையாக விடப்பட்டிருக்கும். அடுத்து ‘எஸ்ஆர்சி’ என்ற உட்கோப்புறை, அதனுள் ‘லிப்.ஆர்எஸ்’ என்னும் கோப்பு. இதுவே நூலகத்தின் உடல். இவற்றோடு, செய்யும் மாற்றங்களையெல்லாம் நாட்குறிப்புப் போற் பதிந்து வைக்கும் கிட் என்னும் ஏற்பாடும் தொடங்கப்பட்டிருக்கும். பதிவில் சேர வேண்டாதவற்றைக் கூறும் கோப்பு ஒன்றும் உடனிருக்கும்.

இத்தகைய வசதி ரஸ்ட் மொழிக்கு மட்டும் உரியதன்று. 2004 இல் வெளிவந்த ரெயில்ஸ் என்னும் இணையச் சட்டகம், ஒரே கட்டளையில் முழுத் தளத்தின் கூட்டையும் அமைத்துக் கொடுத்தது. பைதன் மொழியினர் 2013 முதல் பயன்படுத்தும் ஒரு கருவிக்கு ‘குக்கீகட்டர்’ என்றே பெயர். அதாவது பிஸ்கோத்து வெட்டும் அச்சு. நம் வீடுகளில் அச்சுப் பலகாரம் சுட்டோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அச்சு ஒரு வடிவத்தைத் தருகிறது. மாவு பதமாகக் கரைக்கப்பட்டதா, எண்ணெய் காய்ந்ததா என்பன அச்சுக்குத் தெரியா.

கூட்டினால் விளையும் நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வெறுங் கொப்பியின் முதற் பக்கத்தைக் கண்டு அஞ்சாத மாணாக்கர் யார்? எந்தக் கோப்பை எங்கே வைப்பது, எந்தப் பெயரால் அழைப்பது என்ற தயக்கத்திலேயே ஒரு பொழுது கழிந்துவிடும். கூடு அத்தயக்கத்தைப் போக்குகிறது. அன்றியும், எல்லா நூலகங்களும் ஒரே ஒழுங்கில் அமைவதால், முன்பின் அறியாத ஒருவரின் நூலகத்தைத் திறப்பவரும் வாயில் எங்கே, அடுக்களை எங்கே என்று தேடித் தடுமாற வேண்டியதில்லை.

இனி மருமகனின் கதைக்கு வருவோம்.

“சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தாயா?” என்று கேட்டோம்.

“பார்த்தேன் மாமா. ஆங்கிலச் சொல் ஒன்றைக் கொடுத்தேன். நாலெழுத்து என்று சரியாகச் சொன்னது. பிறகு சோதனைக் கட்டளையையும் இட்டேன். இதோ பாருங்கள்!” என்று கணனியைத் திருப்பிக் காட்டினான். ஒரு சோதனை நிகழ்ந்தது, ஒன்றும் தேறியது என்னும் கருத்துடைய வரியும், பச்சை நிறத்திலே ‘ஓகே’ என்ற சொல்லும் திரையில் ஒளிர்ந்தன.

அம்மம்மா பென்சிலைக் கீழே வைத்தார். “நல்ல கெட்டிக்காரப் பெட்டிதான். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை கட்டம் விட வேண்டும் என்று கேள், பார்ப்போம்” என்றார்.

அவன் சொல்லைக் கொடுத்தான். திரையில் 5 என்று விடை வந்தது.

“ஐந்தா? த, மி, ழ். மூன்றுதானே, மோனை!” என்று அம்மம்மா விரல் மடித்துக் காட்டினார். ‘இலங்கை’ என்று கொடுத்தான். இ, ல, ங், கை என நான்கு வர வேண்டிய இடத்தில் 6 வந்தது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. “அப்படியானால் சோதனை எப்படித் தேறியது?” என்று தனக்குள்ளே முணுமுணுத்தான்.

நாம் ‘லிப்.ஆர்எஸ்’ கோப்பைத் திறக்கச் சொன்னோம். கூட்டை உருவாக்கும்போதே கார்கோ அதனுள் ஒரு மாதிரியை எழுதி வைக்கிறது. இரண்டு எண்களைக் கூட்டித் தரும் ஒரு சிறு செயற்கூறும், அதைச் சோதிக்கும் சில வரிகளுமே அம்மாதிரி. அச்சோதனையின் பெயர், ‘இது வேலை செய்கிறது’ என்று பொருள்படுவது. அது சோதிப்பது யாதெனில், இரண்டும் இரண்டும் நான்கு என்பதே!

மருமகன் தன் வரிகளை அம்மாதிரிக்குக் கீழே எழுதியிருந்தான். மாதிரியை நீக்கவில்லை, தன் வரிகளுக்கெனச் சோதனை எழுதவுமில்லை. பச்சை நிறத்தில் ஒளிர்ந்த சொல், இரண்டும் இரண்டும் நான்கே என்பதற்கு நற்சான்று வழங்கியதேயன்றி, எழுத்தெண்ணியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அயல்வீட்டுப் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைக் காட்டித் தான் தேறியதாகக் கொள்வது போலாயிற்று இது.

பிழை எங்கே நேர்ந்தது? கணனி தமிழைச் சேமித்து வைக்கும் முறையை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. யூனிக்கோட் முறையில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. ஆகவே ‘தமிழ்’ ஐந்து குறியீடுகள். இக்குறியீடு ஒவ்வொன்றும் யூரிஎப்-8 என்னும் வழக்கில் மூன்று பைற்றுகளை எடுத்துக்கொள்வதால், பைற்றுக் கணக்கில் அச்சொல் பதினைந்து. பதினைந்து, ஐந்து, மூன்று ஆகிய மூன்றும் சரியான விடைகளே, கேள்விகள்தாம் வெவ்வேறு. எத்தனை இடம் பிடிக்கும் என்பது முதற் கேள்வி. எத்தனை குறியீடு என்பது அடுத்தது. எத்தனை எழுத்து என்பதே அம்மம்மாவின் கேள்வி. தன் நூலகம் எந்தக் கேள்விக்கு விடை கூற வந்தது என்பதை எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும். எந்தக் கூடும் அதைத் தீர்மானித்துத் தராது.

அன்றிரவு வெளியீடு நிறுத்தப்பட்டது. இராச் சாப்பாட்டின்பின் மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்தோம். முதல் வேலையாகக் கூட்டும் மாதிரி நீக்கப்பட்டது. அடுத்து, ஒரு வரி நிரலும் திருத்தப்படுமுன்னே, விடை தெரிந்த சொற்களைக் கொண்டு சோதனைகளை எழுதச் சொன்னோம். சொற்களை வழங்கும் பொறுப்பை அம்மம்மா ஏற்றார். ‘தமிழ்’ மூன்று, ‘இலங்கை’ நான்கு, ஆய்தம் வரும் ‘அஃது’ மூன்று, ஒன்றும் எழுதாத வெற்றிடம் பூச்சியம்.

‘கொடி’ என்பதில் ஒரு நுட்பம் இருந்தது. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணனிக்கு வேறு. எவ்வாறு எழுதினும் ‘கொடி’ இரண்டெழுத்தே என்று இரு சோதனைகள் எழுதப்பட்டன. சார்ந்து வரும் குறிகளையும் புள்ளியையும் விட்டு எஞ்சியவற்றை மாத்திரம் எண்ணும்படி நிரலைத் திருத்தியதும் இவையனைத்தும் தேறின.

‘ஸ்ரீ’ வந்தபோது வழக்கு மூண்டது. “ஸ், ரீ என இரண்டல்லவா?” என்றான் அவன். “இத்தனை வருடமாகக் கட்டம் நிரப்புகிறேன், அதற்கு ஒரு கட்டந்தான்” என்றார் அம்மம்மா. புதிருக்கென எழுதப்படும் நூலகமாதலின் அம்மம்மாவின் தீர்ப்பே நிலைத்தது. ‘பக்ஷி’ என்பதில் வரும் க்ஷகரத்துக்கும் அவ்வாறே தனிவிதி வகுக்கப்பட்டது. ஆனால் வேறொருவர் வேறு விதமாகக் கருதலாம். ஆகையால் நூலகத்தின் விளக்கக் குறிப்பில் இம்முடிபுகளைத் தெளிவாக எழுதி வைக்கச் சொன்னோம். ரஸ்ட் மொழியில் அவ்விளக்கத்தினுள் எழுதும் உதாரணங்களும் சோதனையின்போது ஓட்டிப் பார்க்கப்படும். ஆதலால் விளக்கம் ஒன்று, நடப்பு ஒன்று என்று ஆகிவிடாது.

“இவ்வளவு சிறிய பிழைக்கு இத்தனை பாடா, மாமா?” என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்கு 2016 மார்ச் மாதத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறினோம். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய என்பிஎம் பதிவகத்தில் ‘லெப்ட்பேட்’ என்றொரு நூலகம் இருந்தது. ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்புவதே அதன் வேலை. பதினொரு வரிகளே கொண்டது. பிணக்கொன்றின் காரணமாக அதன் ஆசிரியர் அதனைப் பதிவகத்திலிருந்து நீக்கிவிட்டார். அதை நேராகவும் பிறவற்றின் வழியாகவும் நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருட் பணிகள் உலகெங்கும் தடைப்பட்டன. சில மணி நேரத்துள் அதனை மீட்டு வைத்து, பின்னர் நீக்கல் விதிகளையும் திருத்தினர். பதினொரு வரிகளின் மேல் எத்தனை வீடுகள் நின்றன என்பதை அவற்றை எழுதியவரும் முன்னறிந்திருக்க மாட்டார். நாளை எந்தப் பாடசாலை, எந்தப் பதிப்பகம் எழுத்தெண்ணியை நம்பிக் கட்டம் வரையும் என்று யார் அறிவார்?

ரஸ்ட் மொழியின் பொதுப் பதிவகத்தில் வேறொரு கண்டிப்பும் உண்டு. ஒருமுறை வெளியிட்ட பதிப்பை அதே இலக்கத்தில் மாற்றியெழுத முடியாது. பிழை கண்டால் அப்பதிப்பைப் புதிதாக எவரும் தேர்ந்துகொள்ளாதபடி ஒதுக்கி வைத்து, வேறு இலக்கத்தில் திருத்திய பதிப்பை வெளியிடலாம். பழையதை ஏற்கெனவே நம்பியிருப்போரின் வேலை கெடக்கூடாது என்பதே இவ்விதியின் கருத்து.

கூடு வெறுமையாக விட்ட இடங்கள் இன்னும் இருந்தன. நூலகத்தைப் பற்றிய சுருக்கக் குறிப்பும், எந்த உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றது என்னும் தகவலும் இன்றிப் பதிவகம் எதனையும் ஏற்பதில்லை; கூடு இவ்விரண்டையும் எழுதித் தருவதுமில்லை. உரிமம் என்பது வெறுஞ் சடங்கன்று. உரிமம் எழுதப்படாத ஆக்கத்தின் சகல உரிமையும் பதிப்புரிமைச் சட்டப்படி ஆக்கியோனுக்கே உரியது. எடுத்தாள விரும்பும் நேர்மையாளர் தயங்கி நிற்பார். ரஸ்ட் உலகில் எம்ஐரி, அப்பாச்சி 2.0 ஆகிய இரண்டில் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என வழங்குவது பெருவழக்கு. அவனும் அவ்வழியையே தேர்ந்தான். பெயரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தியவருக்கே பெயர் என்பது பதிவகத்தின் முறை. உரோம எழுத்துக்களால் அமைந்த பெயர்களையே அது ஏற்கும். எனினும் நூலகத்தினுள் வரும் செயற்கூறுகளுக்குத் தமிழ் எழுத்துக்களாலேயே பெயரிடுதற்கு 2021 முதல் அம்மொழி இடந்தருகிறது. இதைக் கேட்டு அம்மம்மாவுக்குப் பெருமகிழ்ச்சி.

அன்றிரவு எல்லாச் சோதனைகளும் தேறிய பின்னரும், “ஓரிரவு பொறு, காலையில் உன் தோழன் ஒருவனிடம் கொடுத்துப் பார்” என்று கூறி அனுப்பினோம். மறுநாட் காலை அவன் ஓடி வந்தான். தோழன் தன் கைபேசியில் ‘ஸ்ரீ’ என்று இட்டபோது இரண்டு என விடை வந்ததாம். ஆராய்ந்து பார்த்தோம். முன்னாளிலிருந்து உள்ள ஸகரத்துக்குப் பதிலாக, 2005 இல் யூனிக்கோட் முறையிற் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்னும் எழுத்தைக் கொண்டு அக்கைபேசி எழுதியிருந்தது. திரையில் இரண்டும் ஒரே உருவம்! முதல் நாளிரவு வெளியிட்டிருந்தால் அப்பிழை அவன் பெயரோடு உலகுக்குச் சென்றிருக்கும்.

மாணாக்கரே, உங்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. ஆசிரியர் தரும் கட்டுரைச் சட்டகமாயினும், கணனி தரும் நூலகக் கூடாயினும், தயங்காது ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றபின், அதிலே பிறர் எழுதி வைத்த மாதிரி எது, உங்கள் எழுத்து எது என்று பிரித்தறியுங்கள். மாதிரிக்குக் கிடைத்த பாராட்டை உங்களுக்குக் கிடைத்ததாகக் கொள்ளாதீர்கள். உங்கள் வேலையைச் சோதிக்கும் கேள்வி உங்களிடமிருந்தோ, உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தோதான் வர வேண்டும். பெற்றோரும் பேரன்மாரும் ‘நமக்குக் கணனி தெரியாதே’ என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு நிரலும் எழுதத் தெரியாத அம்மம்மாவே அன்று முதற் பிழையைக் கண்டுபிடித்தார்.

கூடு தந்த ஒரு சோதனை இருந்த இடத்தில் இப்போது ஒன்பது சோதனைகள் உள்ளன. ஞாயிறு மாலை எழுத்தெண்ணி வெளியாயிற்று. அதன் முகப்புக் குறிப்பின் இறுதி வரியில், சோதனைச் சொற்களை உதவியவர் அம்மம்மா என்று மருமகன் எழுதியிருக்கிறான். அவர் அதைக் கண்ணாடி அணிந்து இருமுறை வாசித்துவிட்டு, “என் பெயரை எழுதவில்லையே, மோனை?” என்று கேட்டாராம். அடுத்த பதிப்பிற் சேர்ப்பதாக வாக்களித்திருக்கிறான்.